எந்தப் பொடி நமக்கு ஒத்துக்கொள்ளும்?

(மாமல்லபுரத்தில் நடந்த நம் முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் முதலில் என்னிடம் கேட்டது "தொழிற்சாலைகளில் தானியங்கி முறை" என்ற தலைப்பில் பேசச் சொல்லித்தான். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "தம்பி, நீ பொடி ஆக்குற மிஷின்லதானே வேலை செய்யறே? இந்த புரோட்டீன் பவுடர் சமாச்சாரத்தைப் பத்திப் பேசேன். நம்ம ஆளுங்க பாதிப் பேர் அதை வாங்கி வச்சுக்கிட்டுக் குடிக்க முடியாம முழிக்கிறாங்க" என்றார். உண்மைதான். பால் போன்ற திரவங்களைச் சுண்டவைத்து, உலர்த்தி, பொடியாக்கும் இயந்திரங்களோடு பதினோரு ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறேன். நான் டாக்டர் இல்லை. டப்பாவுக்குள் அந்தப் பொடி எப்படிப் போய்ச் சேருகிறது என்பது மட்டும் தெரியும். அது தெரிந்தால், எது நமக்கு ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று பாதிக்கு மேல் சொல்லிவிடலாம் என்பது என் அனுபவம்.

முதலில் கணக்கு. நமக்குப் பொடி வேண்டுமா என்பதையே பலர் கேட்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020 இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். நம் ஊர் ஆள் ஒருவரின் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நாலு இட்லி, சாம்பார்: சுமார் 11 கிராம். மத்தியானம் சாதம், பருப்பு போட்ட சாம்பார், பொரியல், தயிர்: 20 கிராம். சாயந்திரம் டீ, ஒரு கிண்ணம் சுண்டல்: 8 கிராம். ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா: 13 கிராம். கூட்டினால் 52. இரண்டு முட்டை சேர்த்தால் 64. கோவளம், தேவனேரிப் பக்கம் இருப்பவர்கள் மத்தியானம் 100 கிராம் மீன் சாப்பிட்டால், அதிலேயே 18 முதல் 20 கிராம் வந்துவிடுகிறது.

அப்படியானால் யாருக்குக் குறைகிறது? சுண்டலை விட்டுவிட்டு பிஸ்கட் தின்பவருக்கு. ரசம் சாதமும் ஊறுகாயுமாக ஓட்டுபவருக்கு. வயதாகிப் பசி குறைந்தவருக்கு, ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கு. இவர்களுக்குப் பொடி ஒரு உதவி. மற்றபடி ஜிம்முக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த நிறுவனமே 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பொடி தேவையில்லை, சேர்க்கப்படும் சர்க்கரை, செயற்கை இனிப்பு இவற்றால் தவிர்ப்பதே நல்லது என்று சொல்லியிருக்கிறது. இதைச் சொன்னால் என் அண்ணன் பையன் என்னோடு பேசமாட்டான், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

சரி, வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கடைக்குள் நுழைகிறீர்கள். சுவர் முழுக்க கறுப்பு டப்பா. எதை எடுப்பது?

பெரும்பாலானவை வே எனப்படும் பால் புரதம். வீட்டில் பாலைத் திரித்துப் பன்னீர் வடிக்கும்போது பச்சை கலந்த ஒரு தண்ணீர் வழியுமே, அதுதான் வே. பாலில் இருக்கும் புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கட்டியில் தங்கிவிடும். ஒரு பங்கு இந்தத் தண்ணீரோடு போகும். சீஸ் செய்யும் நாடுகளில் வெகுகாலம் இதைப் பன்றிக்கு ஊற்றினார்கள், இல்லையென்றால் சாக்கடையில் விட்டார்கள். 1970களில் சவ்வு வடிகட்டிகள் வந்த பிறகுதான் அது காசாயிற்று.

சவ்வு வடிகட்டி என்றால் என்ன என்று கேட்டால் இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் போதும். நெம்மேலியில் 2013 முதல் நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. அங்கே சவ்வு தண்ணீரை மட்டும் விடும், உப்பைத் தடுக்கும். வே ஆலையில் இருக்கும் சவ்வுக்குத் துளை அதைவிடப் பெரிது. புரதத்தைத் தடுத்து நிறுத்திவிட்டு, தண்ணீரையும் உப்பையும் பால் சர்க்கரையையும் வெளியே அனுப்பும். எவ்வளவு நேரம், எத்தனை தரம் கழுவி வடிக்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று விதமான சரக்கு கிடைக்கிறது. லேசாக வடித்தால் 35 சதவிகிதப் புரதம். அதில் பாதி பால் சர்க்கரை. நன்றாக வடித்தால் 80 சதவிகிதம். இதைத்தான் கான்சன்ட்ரேட் என்று விற்கிறார்கள், பால் சர்க்கரை நூற்றுக்கு நாலிலிருந்து எட்டு. இன்னும் வடித்தால் 90. இது ஐசோலேட், பால் சர்க்கரை ஒன்றுக்கும் கீழே. பிறகு அந்தக் கெட்டித் திரவத்தைச் சூடான காற்றுக்குள் பனிபோலத் தெளித்து உலர்த்துகிறோம். காற்று 180 டிகிரியில் உள்ளே வந்தாலும் துளி வேகாது. ஈரம் ஆவியாகும்போது துளி தானே குளிர்ந்துகொள்ளும். கடலில் குளித்துவிட்டு வெயிலில் நிற்கும்போது நமக்குக் குளிர்கிறதே, அதே கதைதான்.

இந்தப் பால் சர்க்கரைதான் பலருக்கு வயிற்றுப் பிரச்சினை. குழந்தையாக இருக்கும்போது அதைச் செரிக்கும் நொதி நம் குடலில் ஏராளமாகச் சுரக்கிறது. பெரியவர்களானதும் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் இது அதிகம். இது நோய் இல்லை. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. வயிறு உப்புகிறது, கடமுடா என்கிறது, சிலருக்குப் போகவும் செய்கிறது. தயிரில் கிருமிகளே கொஞ்சம் சர்க்கரையைத் தின்றுவிடுவதாலும், அவற்றின் நொதி நமக்கும் உதவுவதாலும், பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் தயிர் ஒத்துக்கொள்கிறது. நம் பாட்டிமார்கள் பாலைவிட மோரை நம்பியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், பால் சர்க்கரை 9, 10 கிராம் இருக்கும். 80 சதவிகித வே ஒரு கரண்டியில், 30 கிராமில், இரண்டு கிராமுக்கு மேல் அனேகமாக இருக்காது. ஆனால் நம் ஆட்கள் அந்தக் கரண்டியைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, "பவுடர் எனக்கு ஒத்துக்கலை சார்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதது பால்! தண்ணீரில் கலக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் டப்பாவைத் திட்டலாம். மாறாக, விலை குறைவென்று வாங்கிய டப்பாவில் மலிவான 35 சதவிகிதச் சரக்கு கலந்திருந்தால், ஒரே கரண்டியில் ஒரு டம்ளர் பாலைவிட அதிகமான சர்க்கரை உள்ளே போகிறது.

இதோடு பால் அலர்ஜியைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அலர்ஜி என்பது பால் புரதத்தையே உடம்பு எதிரியாக நினைப்பது. தடிப்பு, வாந்தி, மூச்சு முட்டுதல் வரலாம். அப்படிப்பட்டவருக்கு ஐசோலேட்டும் ஆகாது. எவ்வளவு வடித்தாலும் அது பால் புரதம்தானே. இன்னொன்று: பொடி தண்ணீரில் சீக்கிரம் கரைவதற்காகச் சோயாவிலிருந்து எடுத்த லெசிதின் தூவுவது வழக்கம். சோயா ஆகாதவர்கள் பொருள்பட்டியலைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். கெட்டியாகத் தெரிவதற்குக் குவார் கோந்து போடுவார்கள். அது வேறொன்றுமில்லை, கொத்தவரை விதையின் மாவு. சிலருக்கு அதுவே வாயு. சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்ற இனிப்புகளில் சிலருக்கு நாக்கில் கசப்பு நிற்கும். மால்டிட்டால் போன்றவை வயிற்றைக் கலக்கும். ஆக, ஒரு டப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குற்றவாளி புரதமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கூட வந்த கூட்டாளிகளாகவும் இருக்கலாம்.

இப்போது சுவை. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அம்மா வீட்டு வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. ஐம்பது கிலோ எடை இருந்தார். சுகமாகும்வரை நாளைக்கு அறுபது கிராம் புரதமாவது போக வேண்டும் என்றார் டாக்டர். அம்மா சாப்பிட்டதோ இரண்டு வேளை ரசம் சாதம், ஒரு இட்லி. கணக்குப் போட்டால் முப்பதுகூடத் தேறவில்லை. நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர், "தசை கரைஞ்சுடுச்சுன்னா நிக்கறதே கஷ்டம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெரிந்தவர்கள் ஆளுக்கொன்றாக மூன்று டப்பா வாங்கி வந்தார்கள். முதலாவது வெனிலா. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது என்னடா, கல்யாண வீட்டு சென்ட் மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டார். இரண்டாவது சாக்லெட், ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குது, இனிக்குது, ரெண்டும் இல்லாம என்னவோ பண்ணுது" என்றார். மூன்றாவதைப் பாலில் கலந்து கொடுத்தோம். ராத்திரி முழுக்க வயிற்று உப்புசம். நாலாவது நாள், "எனக்கு எந்தப் பவுடரும் வேணாம். செத்தா செத்துட்டுப் போறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. எல்லா டப்பாவும் இனிப்பு. இனிப்பான ஒரு பானத்தைத் தினமும் இரண்டு டம்ளர் குடிப்பது எந்த ஊர் வழக்கமோ, நம் ஊர் வழக்கம் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து அறுபத்தெட்டு வருஷம் கூழும் மோரும் குடித்து வளர்ந்த நாக்கு, காலை பத்து மணிக்கு உப்பைத்தான் கேட்கும். மணமே சேர்க்காத, இனிப்பே இல்லாத ஐசோலேட் கிடைக்கிறது. கடையில் எல்லோருக்கும் அது தெரிவதில்லை; கேட்டு வாங்க வேண்டும். அதை வாங்கினேன். நீர்மோரில் கால் கரண்டி போட்டு மத்தால் சிலுப்பி, உப்பு, சீரகம், கறிவேப்பிலை, ஒரு துளி இஞ்சி. அம்மா குடித்தார். "மோர் இன்னைக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றார், அவ்வளவுதான். நான்கு நாள் கால் கரண்டி, வயிறு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அரைக் கரண்டி, காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம். அதுவே நாளைக்கு 26 கிராம் புரதம். அதன் பிறகுதான் என்ன கலந்திருக்கிறேன் என்று சொன்னேன். "முதல்லயே மோர்ல போட்டிருக்கலாமே" என்றார். ஏழாவது வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வந்தார். அந்த நடைக்குக் காரணம் ஆபரேஷனும் பயிற்சியும்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா புகழ்வது மோரைத்தான்.

சூடான ரசத்தில் போட்டும் பார்த்தோம். அது நடக்காது. வே புரதம் எழுபது டிகிரியைத் தாண்டினால் திரிந்து நூல் நூலாக மிதக்கும். சத்து போகாது, பார்க்கத்தான் சகிக்காது. வெதுவெதுப்பான கஞ்சியில் போடலாம். கட்டி தட்டாமல் இருக்க, கூழுக்குக் கேழ்வரகு மாவைக் கரைப்பது போல, முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொண்டு பிறகு மோரை ஊற்ற வேண்டும். பொடியின் மேல் மொத்தத் தண்ணீரையும் கொட்டினால் வெளிப்பக்கம் நனைந்து தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே மாவு காய்ந்தே கிடக்கும். இது எங்கள் ஆலையில் பெரிய பெரிய தொட்டிகளில் வரும் அதே தொல்லை. கூழ் கரைக்கும் பெண்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

பால் வகையே வேண்டாம் என்பவர்களுக்குப் பட்டாணி, சோயா, அரிசிப் புரதங்கள் இருக்கின்றன. பட்டாணியும் சோயாவும் பச்சை வாடை அடிக்கும். விதையை உடைத்ததும் அதிலுள்ள ஒரு நொதி எண்ணெயோடு சேர்ந்து உண்டாக்கும் வாடை அது. சூடு காட்டினால் அந்த நொதி செத்துப்போகும். நம் ஊரில் கடலையை நனைத்து, சூடான மணலில் வறுத்து, தோல் நீக்கிப் பொட்டுக்கடலை ஆக்குகிறார்களே, பச்சை வாடையை ஒழிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. நூறு கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 22 கிராம் புரதம். வேர்க்கடலையில் 24, 25. அப்படியென்றால் நம் சமையலறையில் இருக்கும் பருப்புப் பொடியும் ஒரு புரோட்டீன் பவுடர்தான். பெயர் மட்டும்தான் வேறு.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த புதிதில் பஞ்சமும் பற்றாக்குறையும் இருந்தபோது, மைசூரில் 1950 இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஒரு புரதப் பொடியைச் செய்தது. அப்போது அதன் இயக்குநர் வி. சுப்பிரமணியன். அமெரிக்காவில் சோயாவை வைத்து ஒரு பொடி செய்து ஏழை நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் சோயாவை விட்டுவிட்டு, எண்ணெய் பிழிந்த நிலக்கடலை மாவு முக்கால் பங்கு, பொட்டுக்கடலை மாவு கால் பங்கு, கூட வைட்டமின், சுண்ணாம்புச் சத்து என்று கலந்தார்கள். புரதம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். இந்தியப் பல்நோக்கு உணவு என்று அதற்குப் பெயர். மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கடலைக் காட்டில் விளைவதும், எண்ணெய்ச் செக்கில் மிஞ்சுவதும், பொட்டுக்கடலை டப்பாவில் இருப்பதும்தான் அதன் மூலப்பொருள்.

அப்படியானால் அது ஏன் இன்று கறுப்பு டப்பாவில் இல்லை? பல காரணங்கள் இருக்கலாம். ஒரு காரணம் பெரிது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. காரணம் தேடிப் போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சை. அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரலைத் தாக்கும், புற்றுநோய் உண்டாக்கும். அதோடு கடலை மாவு என்றாலே உலகம் தயங்க ஆரம்பித்தது. நம் நாட்டிலும் 1974 இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. நம் மாவட்டம் கடலோரம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம். சரியாகக் காயாத கடலையைச் சாக்கில் கட்டித் தரையில் போட்டால் பூஞ்சை வரும். காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும் என்று விவசாயிகள் சொல்வார்கள்; ஈரப்பதம் எட்டு, ஒன்பது சதவிகிதத்துக்குக் கீழே வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். வறுத்தால் எல்லா நஞ்சும் போய்விடும் என்பது தவறு, கொஞ்சம்தான் குறையும். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். ஒரு கசப்புக் கடலை வாயில் பட்டால் "தூ" என்று துப்புகிறோமே, அதுவும் ஒரு சோதனைச்சாலைதான். மில்லில் அரைத்து வந்த மாவில் அந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அதனால்தான் கடலையைப் பார்த்து வாங்கி வீட்டில் வறுத்து அரையுங்கள் என்கிறேன்.

கடை டப்பாவில் இந்தக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். கேரளத்தைச் சேர்ந்த ஈரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்சும் மற்றவர்களும் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024 இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 70 சதவிகித டப்பாக்களில் லேபிளில் போட்ட புரத அளவு சரியில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான். சுமார் 14 சதவிகிதத்தில் இதே அஃப்லாடாக்சின். மூலிகை கலந்த சிலவற்றில் ஈரலுக்கு ஆகாத சரக்கு. மூலிகை என்று போட்டிருந்தால் நம் ஆட்களுக்கு ஒரு தைரியம் வரும். எனக்கு அங்கேதான் பயம்.

லேபிளில் எப்படி ஏமாற்ற முடியும் என்று கேட்பீர்கள். டென்மார்க்கில் ஜோஹன் கெல்டால் என்பவர் 1883 இல் கண்டுபிடித்த முறையைத்தான் இன்னும் பரவலாகப் பயன்படுத்துகிறோம். அது புரதத்தை அளப்பதில்லை, நைட்ரஜனை அளக்கிறது. வந்த விடையை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். நைட்ரஜன் உள்ள வேறு எதைக் கலந்தாலும் கணக்கில் புரதம் ஏறும். 2008 இல் சீனாவில் பால் மாவில் மெலமைன் கலந்தது இதற்காகத்தான். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன. புரோட்டீன் பவுடரில் விலை மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றைக் கலப்பது இதன் சாதுவான தம்பி. பொருள்பட்டியலில் அந்தப் பெயர்கள் தனியாகத் தெரிந்தால் டப்பாவைத் திருப்பி வைத்துவிடுங்கள். பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. என் அம்மாவுக்கு வாங்கியதில் இருந்தது இரண்டே பொருள்.

கொலாஜன் பொடி பற்றியும் கேட்கிறார்கள், குறிப்பாகச் சகோதரிகள். அது மீன் தோல், செதில் அல்லது மாட்டுத் தோலிலிருந்து வருவது, சைவர்கள் கவனிக்க. சோதனையில் தொண்ணூறு சதவிகிதப் புரதம் காட்டும். ஆனால் டிரிப்டோபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் இல்லவே இல்லை. உடம்பு கட்டும் புரதமாக அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஸ்பைருலினா பாசியில் நூற்றுக்கு அறுபது புரதம் என்பது சரி. சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி என்ற வேதிப் பொறியாளர் அதைக் கிராமத்துத் தொட்டிகளிலேயே வளர்க்க வழி காட்டினார். என்றாலும் அந்த வாடைக்கு ஒரு சின்னக் கரண்டிக்கு மேல் யாரும் சாப்பிடுவதில்லை. மூன்று கிராம் சாப்பிட்டால் இரண்டு கிராம் புரதம், அவ்வளவே. சத்து மாவும் அப்படித்தான்: குழந்தைகளுக்கு அருமையான உணவு, ஆனால் தானியம் அதிகம் என்பதால் புரதம் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில்தான் நிற்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதில் கோதுமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது இதுதான். பொட்டுக்கடலை அரைக் கிலோ, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை கால் கிலோ, எள் நூறு கிராம், மிளகாய், பூண்டு, உப்பு. பருப்பு வகைகளில் குறைவான மெத்தியோனின் எள்ளில் தாராளம், அதற்காகத்தான் எள். வேர்க்கடலையையும் எள்ளையும் கடைசியில் போட்டு விட்டுவிட்டு அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் விட்டு மிக்ஸியில் ஒட்டிக்கொள்ளும். முப்பது கிராம் பொடியில் ஆறேழு கிராம் புரதம், ஒரு முட்டைக்குச் சமம். வே பொடியில் அதே முப்பது கிராமுக்கு 24 கிராம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படுத்திருக்கும் நோயாளிக்கு, நாலு வாய்க்கு மேல் சாப்பிட முடியாதவருக்கு, அந்த வித்தியாசம் முக்கியம். எழுந்து நடமாடுபவருக்கு இந்தப் பொடி போதும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம், சாதத்தில் பிசையலாம், யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டாம். கடலை அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது.

எதை வாங்கினாலும் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். இரண்டு கிலோ டப்பா மலிவுதான், ஒத்துக்கொள்ளாவிட்டால் அலமாரியில் இருந்துகொண்டு நம்மையே பார்க்கும். ஒரு சமயத்தில் ஒரு பொடி. நாலு நாள் கால் அளவு. அந்த நாலு நாளும் வேறு புது உணவு எதுவும் வேண்டாம். அப்போதுதான் வயிறு யாரைக் குறை சொல்கிறது என்று தெரியும்.

முன்வரிசையில் இருக்கும் மூத்தவர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "எனக்குச் சர்க்கரை இருபது வருஷம். நான் சாப்பிடலாமா?" ஐயா, நீங்கள் கடைசியாகக் கிரியாட்டினின் பரிசோதனை எப்போது செய்தீர்கள்? சிறுநீரகம் பழுதானவருக்குப் புரதத்தை ஏற்றக் கூடாது, பல சமயம் குறைக்கவே சொல்வார்கள். சர்க்கரை உள்ள பலருக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பது பரிசோதிக்கும்வரை தெரிவதில்லை. இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டை உங்கள் டாக்டரிடம் காட்டிய பிறகு பொடியைப் பற்றி நாம் பேசலாம். மத்தியானச் சாப்பாட்டில் நெத்திலி வறுவல் இருக்கிறதாம். அதற்கு முன் நம் டாக்டர் நண்பர்கள் இருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைப் போய்ப் பாருங்கள்.